மூளைக் கலங்கள் சைற்றோகைன் சுரப்பதை அளப்பது எப்படி: மைக்றோகிளியா வளர்ப்பிலிருந்து எலைசா வரை

மூளையின் நிர்ப்பீடனக் கலங்களான மைக்றோகிளியாவைத் தூண்டி, அவை வெளியே விடும் சைற்றோகைன்களை (நிர்ப்பீடனச் செய்தி காவும் சிறு புரதங்களை) அளந்து முடிக்க ஏறத்தாழ மூன்று வாரம் செல்லும். அதில் தூண்டும் வேலை ஒரு நாள், அளக்கும் வேலை இரண்டு நாள். மிச்சமெல்லாம் ஆயத்தம். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும் புதியவர்கள் அந்த மூன்று நாளைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்பார்கள். சறுக்குவது மற்றப் பதினெட்டு நாளில்.

ஒரு நாள் பின்னேரம் மாணவி ஒருத்தி எலைசாத் தட்டை (பிறபொருளெதிரிகளால் புரதத்தைப் பிடித்து, நிறத்தால் அளக்கும் சோதனைத் தட்டை) கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். "அண்ணை, ஒண்டும் போடாத குழியும் மஞ்சளாத்தான் வருது. என்ன செய்யிறது?" தட்டைப் பார்த்தேன். தூண்டிய குழிக்கும் தூண்டாத குழிக்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை. "ஊடகம் கரைச்ச தண்ணி எங்கத்தையான் தண்ணி?" என்று கேட்டேன். பதில் வர முன்னரே இருவருக்கும் விளங்கிவிட்டது: கலத்தைத் தூண்டியது தண்ணீரோடு வந்த பற்றீரியப் பொருள். அதனால்தான் இந்த வழிகாட்டியில் தண்ணீருக்கு எலைசாவைவிட முந்திய இடம்.

1. முதலில் மூலக்கூறையும் நேரத்தையும் தீர்மானியுங்கள்

"சைற்றோகைன் பார்க்கப் போகிறேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு தொடங்க வேண்டாம். எந்தச் சைற்றோகைன், எந்தக் கலத்திலிருந்து, எத்தனை மணித்தியாலத்தில் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே பொருள் வாங்குங்கள். பிறபொருளெதிரிச் சோடி ஒன்றின் விலை ஒரு மாணவரின் பல மாதச் செலவு.

நேரம் ஏன் முக்கியம்? எல்பிஎஸ் எனப்படும் பற்றீரியச் சுவர்ப் பொருளால் மைக்றோகிளியாவைத் தூண்டினால் முதலில் வெளிவருவது ரிஎன்எஃப் என்ற சைற்றோகைன். நான்கு முதல் ஆறு மணித்தியாலத்தில் ஊடகத்தில் (கலங்கள் வளரும் திரவத்தில்) நன்றாகத் தெரியும். ஐஎல்-6 மெதுவானது, 12 முதல் 24 மணித்தியாலம் கொடுக்க வேண்டும். நைத்திரிக்கொட்சைட்டு சைற்றோகைன் அல்ல என்றாலும் பலர் சேர்த்தே அளப்பார்கள். அதற்கும் 24 மணித்தியாலம் வேண்டும். ஐஎல்-1பீற்றா தனிக்கதை, 9ஆம் படியில் வருகிறது.

ஆர்என்ஏயை அளப்பதும் புரதத்தை அளப்பதும் ஒன்றல்ல. ஆர்என்ஏ ஏறியது என்றால் கலம் எழுதத் தொடங்கிவிட்டது என்றுதான் பொருள். அஞ்சலில் போட்டதா என்று அறிய ஊடகத்தில் புரதத்தைப் பார்க்க வேண்டும். ஐஎல்-1பீற்றாவில் இந்த இடைவெளி மிகப் பெரியது.

2. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

விலங்குப் பரிசோதனைக்கான ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி எல்லாவற்றுக்கும் முந்தியது. பிறந்து ஓரிரு நாளான எலிக்குட்டிகளை எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். விண்ணப்பம் சுழன்று வர எடுக்கும் காலத்தில் மிச்சப் பொருட்களை வரவழைத்துக்கொள்ளலாம்.

எலிக்கூடம் இல்லாதவர்கள் பீவி-2 கலவழியில் தொடங்கலாம். 1990இல் சுண்டெலி மைக்றோகிளியாவிலிருந்து, புற்றுநோய்ப் பரம்பரையலகுகளைச் செலுத்தி ஓயாமல் பெருகும்படி ஆக்கப்பட்டது அது. மலிவு, வேகம். ஆனால் பெருகிக்கொண்டே இருப்பதால் உண்மையான மைக்றோகிளியாவின் இயல்புகள் பல அதில் மங்கிப்போயிருக்கும். கைபழகப் பீவி-2, முடிவு எழுத முதன்மை வளர்ப்பு (குட்டியின் மூளையிலிருந்து நேரே எடுத்து வளர்ப்பது) என்பது என் கணக்கு.

பொருட்கள் என்று பார்த்தால்: டிஎம்இஎம் ஊடகம், என்டொட்டொக்சின் (எல்பிஎஸ்ஸின் இன்னொரு பெயர்) குறைந்தது என்று சான்றிதழுடன் வரும் மாட்டுக்கரு சீரம், கலம் ஒட்டுவதற்குப் பூசும் பொலி-டி-லைசின், எல்பிஎஸ், ஏரிபி, எல்பிஎஸ்ஸை முடக்கும் பொலிமிக்சின்-பி, எலைசாப் பிறபொருளெதிரிச் சோடி, கலம் செத்ததைக் காட்டும் எல்டிஎச் சோதனைப் பொருள். சீரத்தை ஒரே தொகுதி இலக்கத்தில் முழு ஆய்வுக்கும் போதுமான அளவு வாங்கி வையுங்கள். தொகுதி மாறினால் கலங்களின் அடிப்படைச் சுரப்பும் மாறும். அப்புறம் மார்ச் மாதத் தட்டையும் யூலை மாதத் தட்டையும் ஒப்பிடவே முடியாது.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் றெஜிபோம் பெட்டியில் வரும் சாமான் விடியற்காலை இறங்கும். 400 கிலோமீற்றர் வந்த பெட்டியைத் திறந்ததும் முதலில் ஐஸ் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எலைசாவின் நியம வளைகோடு (தெரிந்த செறிவுகளால் வரையும் ஒப்பீட்டுக் கோடு) படுத்துவிட்டால் அந்த ஒரு வரிதான் துப்பு.

மின்சாரம்: 2022இல் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை வெட்டு நடந்தபோது கற்றுக்கொண்டது இது. இன்குபேற்றரின் கதவைத் திறக்காவிட்டால் சூடு கொஞ்ச நேரம் நிற்கும். ஆனால் காபனீரொட்சைட்டு ஒழுங்கு குலைந்தால் ஊடகம் காரமாகி ஊதா நிறத்துக்குப் போகும். ஊடகத்தில் 10 முதல் 25 மில்லிமோலர் வரை ஹெப்பஸ் என்ற தாங்கற்பொருள் சேர்த்தால் ஓரளவு தாங்கும். தூண்டும் நாளை மட்டும் வெட்டு அறிவிக்காத நாளாகப் பார்த்துக் குறியுங்கள்.

3. தண்ணீரைச் சோதியுங்கள், கலத்தைப் பிறகு பாருங்கள்

மைக்றோகிளியா எல்பிஎஸ்ஸை உணர்வது ரிஎல்ஆர்-4 என்ற வாங்கியால். ஒரு மில்லிலீற்றரில் ஒரு நனோகிராமுக்குக் குறைவாக இருந்தாலும் அதற்குத் தெரியும். நீங்கள் பிப்பெற்றால் போட்ட எல்பிஎஸ் எது, தண்ணீரோடு வந்த எல்பிஎஸ் எது என்று கலத்துக்குப் பேதம் இல்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் கத்தும்.

இங்கே கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்தவர்களுக்கு அதன் கடினத்தன்மையைச் சொல்லத் தேவையில்லை. புதியவர்கள் அந்தச் சுண்ணாம்பைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். வடித்தாலோ சவ்வூடு வடிகட்டினாலோ அது போய்விடும். கண்ணுக்குத் தெரியாமல் நிற்பது, சுத்திகரிப்புப் பொறியின் சேமிப்புத் தாங்கியில் வழுவழுப்பாகப் படர்ந்திருக்கும் பற்றீரியப் படலம். அது செத்தாலும் சுவர்ப் பொருளை நீருக்குள் விட்டுக்கொண்டே இருக்கும்.

"ஓட்டோகிளேவ் பண்ணினனான் தானே" என்பது நான் அதிகம் கேட்ட பதில். ஓட்டோகிளேவ் பற்றீரியாவைக் கொல்லும், எல்பிஎஸ்ஸை அழிக்காது. கண்ணாடிப் பாத்திரமென்றால் உலர் அடுப்பில் 250 பாகையில் அரை மணித்தியாலம் வைக்க வேண்டும். 0.22 மைக்றோன் வடிகட்டியும் பற்றீரியாவைத்தான் பிடிக்கும், எல்பிஎஸ் அதற்குள்ளால் போய்விடும்.

சுலபமான வழி மருந்துக்கடையில் இருக்கிறது. ஊசி மருந்து கலக்க விற்கும் கிருமியற்ற நீரை வாங்குங்கள். மருந்துத் தரநூல்கள் அதன் என்டொட்டொக்சின் அளவுக்கு எல்லை வைத்திருக்கின்றன. அமெரிக்கத் தரநூலில் மில்லிலீற்றருக்கு 0.25 அலகு. எல்பிஎஸ், ஏரிபி, சோதனைப் பொருட்கள் எல்லாவற்றையும் அதில் கரையுங்கள். ஊடகத்தைத் தூளாக வாங்கிக் கரைப்பதை விட்டு, போத்தலில் திரவமாக வாங்குங்கள். காசு கூடத்தான். ஒரு தட்டு வீணானால் போகும் காசு அதைவிடக் கூட.

சந்தேகம் வந்தால் குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுக்கும் எல்ஏஎல் சோதனையைச் செய்யலாம். அது இல்லாவிட்டால் பொலிமிக்சின்-பி போதும். தூண்டாத குழி ஒன்றில் மில்லிலீற்றருக்கு 10 மைக்றோகிராம் சேர்த்துப் பாருங்கள். அது எல்பிஎஸ்ஸின் கொழுப்புப் பகுதியைப் பிடித்து முடக்கும். சேர்த்ததும் ரிஎன்எஃப் இறங்கினால், குற்றவாளி உங்கள் ஊடகத்துக்குள்ளேயே இருக்கிறது.

4. கலப்புக் கிளியா வளர்ப்பு: பத்து முதல் பதினான்கு நாள்

குடுவைகளுக்கு முதல் நாளே பொலி-டி-லைசின் பூசி, மூன்று முறை கழுவி உலர விடுங்கள். கழுவாமல் விட்டால் மிச்ச லைசின் கலங்களுக்கு நஞ்சு.

ஒன்று முதல் மூன்று நாள் வயதுக் குட்டிகளின் மூளையை எடுத்து, மேலுறையான மூளைமென்றோலை நுணுக்குக்காட்டியின் கீழ் முழுவதுமாக உரியுங்கள். பொறுமை சோதிக்கும் இடம் இதுதான். இரத்தக் குழாய்ச் சிவப்பு ஒரு நூலளவு மிஞ்சினாலும், அதோடு வரும் நார்க்கலங்களும் மேக்ரோபேஜ் எனும் விழுங்கு கலங்களும் இரண்டாம் கிழமையில் குடுவையை நிரப்பிவிடும். மேக்ரோபேஜ் மைக்றோகிளியா போலவே தோன்றி அதைவிட அதிகம் சுரக்கும். உங்கள் எண்கள் பெரிதாக வரும். ஆனால் அவை மூளைக் கலத்தின் எண்கள் அல்ல.

பிறகு மூளையத்தைச் சிறு துண்டாக்கி, திரிப்சினில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, பிப்பெற்றால் மெதுவாக ஏற்றி இறக்கிப் பிரித்து, 75 சதுர சென்ரிமீற்றர் குடுவைக்கு ஒன்று அல்லது இரண்டு சுண்டெலி மூளை என்ற கணக்கில் போடுங்கள். ஊடகத்தில் 10 சதவீதச் சீரம். மறுநாள் ஊடகத்தை முழுதாக மாற்றி, செத்த கலக் குப்பையை அகற்றுங்கள். பின்னர் மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை மாற்றினால் போதும்.

ஒரு கிழமையில் அடியில் அஸ்ரோசைற் எனும் கிளியாக் கலங்கள் (நரம்புக் கலங்களுக்குத் துணை நிற்பவை) பாய் விரித்தது போலப் படரும். அதன் மேல் வட்டமாகப் பளபளக்கும் சிறு கலங்கள் தெரியத் தொடங்கும், அவைதான் மைக்றோகிளியா. பத்தாம் நாளுக்கு முன் அவசரப்பட்டு எடுக்காதீர்கள், கைக்கு அகப்படுவது கொஞ்சம்தான்.

5. மைக்றோகிளியாவைப் பிரித்தெடுத்தல்

குடுவையை 37 பாகையில், நிமிடத்துக்கு 200 சுற்று வேகத்தில் ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம் ஆட்டுங்கள். மேலே ஒட்டியிருந்த மைக்றோகிளியா கழன்று ஊடகத்துக்கு வந்துவிடும், அஸ்ரோசைற் பாய் அப்படியே இருக்கும். நேரம் கூடினால் பாயிலும் ஓட்டை விழும்.

கழன்ற கலங்களை மையநீக்கப் பொறியில் மெதுவாக, 300 மடங்கு ஈர்ப்பில் ஐந்து நிமிடம் சுற்றுங்கள். வேகம் கூட்டினால் கலங்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நினைப்பு பிழை. நசுங்கிய கலங்கள்தான் கூடும்.

மூடியை இறுக்கிய பிறகே ஆட்டுங்கள் என்று எழுத வேண்டியிருக்கிறது. ஒரு முறை என் கையாலேயே அது நடந்தது.

6. தூய்மையைப் பாருங்கள்

ஒரு கண்ணாடித் துண்டில் கொஞ்சக் கலங்களைப் போட்டு, மைக்றோகிளியாவுக்கு ஐபிஏ-1, அஸ்ரோசைற்றுக்கு ஜிஎஃப்ஏபி என்ற குறிகளுக்கு நிறமூட்டி எண்ணுங்கள். 95 சதவீதத்துக்கு மேல் ஐபிஏ-1 இருந்தால் தொடரலாம்.

மறுபக்கமும் இதே சிக்கல்தான். குடுவையில் மிஞ்சிய அஸ்ரோசைற் பாயை எடுத்து, எல்பிஎஸ் போட்டு, "அஸ்ரோசைற் ரிஎன்எஃப் சுரக்கிறது" என்று எழுதுபவர்கள் பலர். அந்தப் பாயில் ஒளிந்திருக்கும் சில சதவீத மைக்றோகிளியாவே அவ்வளவையும் சுரந்திருக்கலாம். சுண்டெலி அஸ்ரோசைற்றில் ரிஎல்ஆர்-4 மிகக் குறைவு. லியூசின் மெதைல் எஸ்ரர் கொண்டு மைக்றோகிளியாவைக் கொன்றுவிட்டு மறுபடி செய்து பாருங்கள், எல்பிஎஸ்ஸுக்கான பதில் பெரும்பாலும் காணாமல் போகும்.

அஸ்ரோசைற்றின் உண்மையான பங்கைப் பார்க்க விரும்பினால் ரிஎன்எஃப் அல்லது ஐஎல்-1பீற்றாவை மில்லிலீற்றருக்கு 10 நனோகிராம் போட்டு, சிசிஎல்-2, ஐஎல்-6 என்ற சைற்றோகைன்கள் இரண்டையும் அளவுங்கள். மைக்றோகிளியா கொடுக்கும் செய்தியைக் கேட்டு அஸ்ரோசைற் பதில் சொல்வது அப்படித்தான். ஆனால் ரிஎன்எஃப் போட்டுவிட்டு ரிஎன்எஃப்பையே அளக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், நடந்திருக்கிறது. போட்டதைத்தான் அளந்தார்கள், அழகான வரைபும் வந்தது.

7. தட்டில் இட்டு, ஒரு நாள் சும்மா விடுங்கள்

96 குழித் தட்டில் குழிக்கு 50,000 முதன்மைக் கலங்கள். பீவி-2 பெருகும் என்பதால் 20,000 போதும். ஓரக் குழிகளில் கலம் வேண்டாம், வெறும் உப்புக் கரைசலை நிரப்புங்கள். ஓரத்தில் நீர் ஆவியாகி, உள்ளே இருப்பது செறிந்து, எண்கள் ஏறும்.

ஆட்டியது, சுற்றியது, பிப்பெற்றால் ஏற்றி இறக்கியது எல்லாமே மைக்றோகிளியாவை உசுப்பிவிடும். உடனே தூண்டினால் ஏற்கெனவே கோபத்தில் இருப்பவரை மேலும் சீண்டுவது போலத்தான், கட்டுப்பாடும் சோதனையும் ஒன்றாகிவிடும். 24 மணித்தியாலம் விட்டு, ஊடகத்தை மாற்றிய பின் தொடங்குங்கள். அவசரமாக ஊருக்குப் போக வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமை தட்டில் இட வேண்டாம்.

8. தட்டுப் படத்தை வரைந்த பிறகே எல்பிஎஸ் போத்தலைத் திறவுங்கள்

தாளில் 96 கட்டம் போட்டு, எந்தக் குழிக்கு என்ன என்று பென்சிலால் எழுதுங்கள். கட்டாயம் இருக்க வேண்டியவை: ஒன்றும் போடாத குழி, கரைப்பான் மட்டும் போட்ட குழி, எல்பிஎஸ் மட்டும், எல்பிஎஸ்ஸும் பொலிமிக்சினும், சோதனைப் பொருள் மட்டும், எல்பிஎஸ்ஸும் சோதனைப் பொருளும், எல்டிஎச்சுக்காகக் கலத்தை முழுதாக உடைக்கும் குழி. ஒவ்வொன்றுக்கும் மூன்று குழி.

எல்பிஎஸ் இருப்புக் கரைசல் மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிகிராம். இறுதிச் செறிவு மில்லிலீற்றருக்கு 100 நனோகிராம். இது பத்தாயிரம் மடங்கு ஐதாக்கல். ஒரே பாய்ச்சலில் செய்யாமல் நூறு நூறாக இரண்டு படியில் செய்யுங்கள். எல்பிஎஸ் பிளாஸ்ரிக்கிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும் சாமான். ஒவ்வொரு முறை எடுக்க முன்னரும் ரியூப்பை ஒரு நிமிடமாவது சுழலியில் நன்றாக உலுக்குங்கள். உலுக்காமல் எடுத்தால் கிழமைக்குக் கிழமை பதில் குறைந்துகொண்டு போகும், நீங்கள் கலத்தைக் குறை சொல்வீர்கள்.

மலிவு எல்பிஎஸ்ஸில் பற்றீரியக் கொழுப்புப் புரதங்கள் கலந்திருக்கும். அவை ரிஎல்ஆர்-2 வழியாகவும் தூண்டும். ரிஎல்ஆர்-4 பற்றி ஏதாவது சொல்லப் போகிறீர்கள் என்றால் மிகத் தூய வகையை வாங்குங்கள்.

சீரத்தை முழுதாக நீக்கிவிட்டுத் தூண்டுபவர்களும் உண்டு. எல்பிஎஸ்ஸைப் பிடித்து வாங்கியிடம் ஒப்படைக்கும் புரதம் சீரத்தில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் குறைந்த செறிவில் பதில் மங்கும். 1 அல்லது 2 சதவீதமாவது வையுங்கள்.

இப்போது எங்கள் பக்கத்து மாணவர்களுக்கென்று ஒரு விஷயம். வல்லாரை, முருங்கையிலை, ஏதாவது கஷாயச் சரக்கு என்று மூலிகைச் சாறு ஒன்றைக் கொண்டுவந்து, "அழற்சியைக் குறைக்குதா பாப்பம்" என்பதுதான் இங்கே வரும் திட்டங்களில் பாதி. முற்றத்தில் பாயில் காயவைத்த இலையில் மண் பற்றீரியாவின் எல்பிஎஸ் தாராளமாக இருக்கும். சாறு மட்டும் போட்ட குழி தூண்டப்பட்டால் இலையின் குணம் என்று நினைக்காதீர்கள், முதலில் பொலிமிக்சினோடு பாருங்கள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் இறுதியில் 0.1 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள். கூடினால் டிஎம்எஸ்ஓவே சுரப்பைக் குறைக்கும். சைற்றோகைன் இறங்கியது கலம் செத்ததால்தானா என்று எல்டிஎச் சொல்லும். செத்த கலம் எதையும் சுரக்காது, அதை மருந்து என்று சொல்லவும் முடியாது.

9. ஐஎல்-1பீற்றாவுக்கு இரண்டு தட்டல் வேண்டும்

எல்பிஎஸ்ஸை 24 மணித்தியாலம் போட்டுவிட்டு, ஊடகத்தில் ஐஎல்-1பீற்றா இல்லையே என்று தலையில் கைவைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இந்தப் பகுதி.

எல்பிஎஸ் முதல் தட்டல். அது கலத்துக்குள் 31 கிலோடால்ற்றன் நிறையுள்ள முன்வடிவத்தைச் செய்ய வைக்கும், அவ்வளவுதான். முன்வடிவம் உள்ளேயே கிடக்கும். அதை வெட்டி 17 கிலோடால்ற்றன் செயல்வடிவமாக்க கஸ்பேஸ்-1 நொதியம் விழிக்க வேண்டும். அதை விழிக்க வைப்பது என்எல்ஆர்பி-3 என்ற புரதக் கூட்டம். அந்தக் கூட்டம் சேருவது, கலத்திலிருந்து பொற்றாசியம் வெளியே ஓடும்போது. ஏரிபி கலத்தின் பி2எக்ஸ்7 வாயிலைத் திறந்து பொற்றாசியத்தை ஓடவிடும். இதுதான் இரண்டாவது தட்டல்.

செய்முறை: எல்பிஎஸ் மூன்று முதல் நான்கு மணித்தியாலம். பிறகு சீரமற்ற ஊடகத்துக்கு மாற்றி, ஏரிபி 5 மில்லிமோலர், முப்பது நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம். ஏரிபிக்குப் பதில் நைஜரிசின் 10 மைக்றோமோலரும் போடலாம். உடனே மேல்நீரை (கலங்களுக்கு மேலே நிற்கும் ஊடகத்தை) எடுத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஆளுக்கு ஆள் செய்யும் பிழை, ஏரிபித் தூளை நீரில் கரைத்து நேராகப் போடுவது. அந்தக் கரைசல் நல்ல அமிலம். குழியில் விழுந்ததும் ஊடகம் எலுமிச்சம்பழ மஞ்சளாகும். கலம் செத்து உள்ளதெல்லாம் வெளியே கொட்டும். முன்வடிவமும் கொட்டும், எலைசா பலவற்றுக்கு முன்வடிவத்துக்கும் செயல்வடிவத்துக்கும் பேதம் தெரியாது. எண் பெரிதாக வரும், ஆய்வாளர் மகிழ்வார். சோடியம் ஐதரொட்சைட்டால் பிஎச் 7.4க்குக் கொண்டுவந்து, சிறு பங்குகளாக உறையவைத்து, ஒரு பங்கை ஒரு தடவை மட்டும் பாவியுங்கள். செயல்வடிவம்தான் வந்தது என்று உறுதிப்படுத்த, புரதங்களை நிறைப்படி பிரித்துக் காட்டும் வெஸ்ரேர்ன் புளொற்றில் 17 கிலோடால்ற்றனில் பட்டை தெரிய வேண்டும். என்எல்ஆர்பி-3ஐத் தடுக்கும் எம்சிசி-950 போட்ட குழியில் அந்தப் பட்டை மறைந்தால் வழி என்எல்ஆர்பி-3தான்.

பாய்வு அளவியால் கலத்துக்குள்ளேயே பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வரி. பிரெஃபெல்டின்-ஏ, கொல்கி என்ற கலத்தின் வழக்கமான சுரப்புப் பாதையை அடைக்கும். அதைப் போட்டால் ரிஎன்எஃப்பும் ஐஎல்-6உம் உள்ளே அடைபடும். ஐஎல்-1பீற்றா கொல்கி வழியாகப் போவதில்லை. ஆகவே அது அடைபடாது.

10. மேல்நீரைச் சேர்த்தல்

தட்டைச் சாய்த்து, குழியின் சுவரோரமாகப் பிப்பெற் நுனியை வைத்து எடுங்கள். அடியைத் தொட வேண்டாம். எடுத்ததைக் குளிரில் சுற்றி, மிதக்கும் கலங்களை அகற்றுங்கள். விட்டுவைத்தால் உறைந்து உருகும்போது அவை வெடித்து உள்ளிருப்பைக் கலந்துவிடும்.

ஒவ்வொரு மாதிரியையும் மூன்று சிறு ரியூப்பில் பிரித்து மறை 80 பாகையில் வையுங்கள். ஒரே ரியூப்பைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் சைற்றோகைன் குறையும். உறைபெட்டிக்குள் போகும் ரியூப்பில் சாதாரணப் பேனா எழுத்து நிற்காது.

தட்டில் மிஞ்சிய கலங்களை எறிந்துவிடாதீர்கள். உடைத்து மொத்தப் புரதத்தை அளந்தால் 12ஆம் படியில் உதவும்.

11. எலைசா

முதல் நாள் பின்னேரம் பிடிக்கும் பிறபொருளெதிரியைத் தட்டில் பூசி, இரவு முழுக்க வையுங்கள். அடுத்த நாள் 0.05 சதவீத ருவீன் என்ற சவர்க்காரப் பொருள் சேர்த்த உப்புக் கரைசலால் மூன்று முறை கழுவி, 1 சதவீத மாட்டு அல்புமினை ஒரு மணித்தியாலம் விட்டு, தட்டின் வெற்றிடங்களை அடைத்துவிடுங்கள். அதன் பின் நியமமும் மாதிரியும் இரண்டு மணித்தியாலம், பயோற்றின் கட்டிய கண்டறியும் பிறபொருளெதிரி, ஸ்ரெப்ராவிடின் நொதியம், கடைசியில் நிறம் தரும் ரிஎம்பி. ஒவ்வொன்றுக்கும் இடையில் கழுவல். கழுவிய தட்டைக் கவிழ்த்து, ரிசுக் கடதாசி அடுக்கின் மேல் சப்தம் வரத் தட்டுங்கள். பயந்து பயந்து தட்டினால் துளி நிற்கும், பின்னணி ஏறும்.

நியமம் மில்லிலீற்றருக்கு 1000 பிக்கோகிராமில் தொடங்கி, பாதி பாதியாக 500, 250, 125, 62.5, 31.25, 15.6 என்று ஏழு புள்ளி. நியமத்தை எதில் கரைக்கிறீர்கள்? மாதிரி எந்த ஊடகத்தில் இருக்கிறதோ அதே ஊடகத்தில் கரையுங்கள். சீரம் கலந்த மாதிரியும் வெறும் கரைசலில் போட்ட நியமமும் ஒரே மாதிரி நடக்காது.

எல்பிஎஸ் குழிகளின் ரிஎன்எஃப் நியமத்தின் உச்சியைத் தாண்டும். புதியவர்கள் ஐதாக்காமல் போட்டு, எல்லாக் குழியும் ஒரே கடும் மஞ்சளாக வந்ததும் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவெடுத்துவிடுவார்கள். முதலில் ஒரு மாதிரியை மட்டும் 2, 10, 50 மடங்கு ஐதாக்கிப் பாருங்கள். வளைகோட்டின் நடுவில் விழும் ஐதாக்கலை மற்ற மாதிரிகளுக்கும் வையுங்கள்.

கழுவும் கரைசல் கெட்டுப்போகாமலிருக்கச் சோடியம் ஏசைட்டு சேர்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது நொதியத்தை முடக்கும். நிறமே வராத தட்டுகளில் நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

பெட்டியோடு வரும் தாளில் "அறை வெப்பநிலை" என்று போட்டிருக்கும். அவர்களின் அறை 20 முதல் 25 பாகை. சித்திரை வெயிலில் எங்கள் அறை 31, 32. ரிஎம்பி இருபது நிமிடம் என்றால் இங்கே பத்து நிமிடத்திலேயே கொதித்துவிடும். குளிரூட்டி உள்ள அறையில் செய்யுங்கள். இல்லாவிட்டால் மணிக்கூட்டைப் பார்க்காமல் நியமத்தைப் பாருங்கள்: உச்சிப் புள்ளி கடும் நீலமாகி, மூன்றாவது, நான்காவது புள்ளிகள் தெளிவாக வேறுபட்டதும் சல்பூரிக் அமிலத்தால் நிறுத்துங்கள். நீலம் மஞ்சளாகும். ரிஎம்பியை எந்த வரிசையில் போட்டீர்களோ அதே வரிசையில், அதே வேகத்தில் அமிலத்தையும் போடுங்கள்.

450 நனோமீற்றரில் வாசித்து, 570இன் எண்ணைக் கழியுங்கள். தட்டின் பிளாஸ்ரிக் குறைகள் அதில் போய்விடும்.

12. எண்களைப் படித்தல்

வளைகோட்டுக்கு நேர்கோடு போட வேண்டாம், நான்கு மாறிலிச் சமன்பாடு போடுங்கள். கீழ்ப்புள்ளிக்குக் கீழே விழுந்த மாதிரியை "அளவிட முடியாதது" என்றே எழுதுங்கள். நீட்டி வரைந்து எண் பிடிப்பது கள்ளக் கணக்கு.

ஒவ்வொரு குழியின் எண்ணையும் அந்தக் குழியின் மொத்தப் புரதத்தால் பிரியுங்கள். கலம் குறைந்த குழியில் சைற்றோகைனும் குறையும், அது மருந்தின் வேலை அல்ல. ஒரே தட்டின் மூன்று குழிகள் மூன்று பரிசோதனைகள் ஆகா. ஒரே குட்டிப்பேற்றின் ஒரே வளர்ப்பை மூன்று தரம் அளந்தது மட்டும்தான். வேறு வேறு நாளில், வேறு வேறு குட்டிப்பேற்றிலிருந்து மூன்று வளர்ப்பு செய்தால்தான் மூன்று.

தூண்டாத குழியின் எண்ணை முதலில் வாசியுங்கள், தூண்டியதை அதன் பிறகு. தூண்டாத குழி கீழ்ப்புள்ளிக்கு அருகில் இருந்தால் தொடருங்கள். அதுவே நூற்றுக்கணக்கில் இருந்தால் வரைபு வரைய வேண்டாம், 3ஆம் படிக்குத் திரும்புங்கள்.

முடிவு எழுதும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று. மூளைக்குள் நரம்புக் கலங்கள் சிஎக்ஸ்3சிஎல்-1 போன்ற செய்திப் புரதங்களால் மைக்றோகிளியாவை அமைதியாக வைத்திருக்கும். தட்டில் அந்தக் கை இல்லை. ஆகவே "தனித்து வளர்த்த சுண்டெலி மைக்றோகிளியா, மில்லிலீற்றருக்கு 100 நனோகிராம் எல்பிஎஸ், ஆறு மணித்தியாலம், இவ்வளவு ரிஎன்எஃப்" என்று எழுதுங்கள். "மூளை இவ்வளவு சுரக்கிறது" என்று எழுதினால் வாய்மொழிப் பரீட்சையில் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

மறை 80இல் மிஞ்சிய இரண்டு ரியூப்பை ஆய்வறிக்கை ஏற்கப்படும் வரை தொடாதீர்கள். பரிசோதகர் ஐஎல்-10 என்ற சைற்றோகைனை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார். அப்போது திரும்பவும் எலிக்குட்டி தேடிப் போக வேண்டியிராது.